அந்தப் படிவத்தில் இன்னொரு கூடு கீறுங்கள்

ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடுகிறவர்களுக்கும், எங்கள் வகுப்பின் பின்வாங்கில் வந்திருந்து புள்ளி போடுகிற சேர்மாருக்கும் மேடம்மாருக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பில் கட்டுறுபயில் செய்கிற கணித ஆசிரிய மாணவி. இரண்டு வருடம் கல்லூரி விடுதியில் இருந்து படித்தேன். இந்த மூன்றாவது வருடம் பாடசாலையில் பயிற்சி, அதுதான் கட்டுறுபயில். வீடு மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையில், பாடசாலை மேற்கே படுவான்கரையில். விடியக் குருக்கள்மடத்துத் துறையில் பாதை ஏறி, அம்பிளாந்துறையில் இறங்கி, அங்கிருந்து இன்னும் கொஞ்சத் தூரம் போகவேண்டும். (வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காக: எங்கள் பக்கம் இந்தப் ‘பாதை’ வீதி இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான படகு.) 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பலருக்கு வாவி ஒரு தடையே இல்லை. எனக்கு இன்னும் பாதைதான் கிட்ட. இந்த மடலின் பாதியை அதில் நின்றுகொண்டு போனில் எழுதினேன். எங்கள் பாடத்தைப் பார்த்து நீங்கள் புள்ளி போடுகிற மேற்பார்வைப் படிவத்தைப் பற்றித்தான் மடல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒருவரும் ஒன்றும் படிக்காத ஒரு பாடத்துக்கு நான் நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன்.

தரம் 9, நேர்கோட்டு வரைபுகள். வை சமன் எம் எக்ஸ் சக சீ. எம் படித்திறன் (கோட்டின் சரிவு), சீ வெட்டுத்துண்டு (கோடு வை அச்சை வெட்டுகிற இடம்). மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்று நாலு நாளைக்கு முதலே தெரியும். நாலு இரவும் முழித்திருந்து 31 ஸ்லைட் செய்தேன். தலைப்பு பறந்து வந்து இறங்கும். அச்சுகள் ஒவ்வொன்றாக நீளும். கோடு தன்பாட்டில் கீறுப்படும். கீறுப்படும்போது ஒரு சின்னச் சத்தம் வேறு. பாடசாலையில் மல்டிமீடியா புரொஜெக்டர் ஒன்று இருக்கிறது. அது இருக்கிற அலுமாரியின் திறப்பு ஒருவரிடம். அந்த ஒருவர் அன்றைக்கு லீவு. ஒரு பொடியனைச் சைக்கிளில் அனுப்பித் திறப்பை எடுப்பித்தோம். அதிபரின் அறைத் திரைச்சீலையைக் கழற்றி வகுப்பு யன்னலில் கட்டினோம். வகுப்பு படக் கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளும் படம் பார்க்க வந்தவர்கள் மாதிரித்தான் இருந்தார்கள், வாயைத் திறந்துகொண்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டு.

நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளைகூடப் பென்சிலைத் தொடவில்லை. நான் கேட்ட கேள்விகளுக்கு முன்வாங்கில் மூன்று பேர் பதில் சொன்னார்கள். அந்தப் பதில்கள் ஏற்கெனவே திரையில் இருந்தன. பார்க்க வந்தவர் நல்ல மனிதர், முடிந்ததும் கைகொடுத்தார். படிவத்தில் தொழினுட்பப் பயன்பாடு என்ற கூட்டில் ‘மிக நன்று’ என்று எழுதினார். அடுத்த நாள் வரைபுத்தாளைக் கொடுத்து, வை சமன் இரண்டு எக்ஸ் சக ஒன்று என்பதைக் கீறச் சொன்னேன். 24 பேரில் நாலு பேர் கீறினார்கள். அதில் ஒருத்தி ரியூசனில் முதலே படித்தவள்.

பிழை படிவத்திலா உன்னிலா என்று கேட்பீர்கள். என்னில்தான் முதலில். ஆனால் அந்த நாலு இரவையும் நான் ஏன் பறக்கிற தலைப்பில் செலவழித்தேன்? அந்தக் கூட்டுக்காக. கூட்டில் என்ன எழுதுவார்கள் என்று எனக்கு முன்னால் பயிற்சி முடித்த அக்காமார் சொல்லித் தந்திருந்தார்கள்: “திரை இருந்தால் மிக நன்று, லப்டொப் மட்டும் என்றால் நன்று, ஒன்றும் இல்லை என்றால் கோடு.” இது எங்கேயும் எழுதப்பட்ட விதி இல்லை. ஆனால் விடுதியில் எல்லாருக்கும் தெரிந்த விதி.

இரண்டு கிழமைக்குப் பிறகு அதே வகுப்பில், ஒருவரும் பார்க்க வராத ஒரு நாளில் நடந்ததையும் கேளுங்கள்.

என் போனில் ஜியோஜிப்ரா இருக்கிறது. ஒஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001இல் தன் பட்டப்படிப்புக்காகத் தொடங்கிய, வரைபு கீறுகிற கணித மென்பொருள். காசு இல்லை. ஒருமுறை இறக்கி வைத்தால் போதும், டேட்டா இல்லாமலே ஓடும். அதில் எம்முக்கு ஒரு ஸ்லைடர், சீக்கு ஒரு ஸ்லைடர் வைத்தேன். வேறு ஒன்றும் இல்லை. வகுப்பை நாலு நாலு பேராக ஆறு குழுவாகப் பிரித்தேன். எல்லாருக்கும் வரைபுத்தாள். எம் மூன்றானால் கோடு எப்படிப் போகும், அரையானால் எப்படிப் போகும், மறைப் பெறுமானம் (சைபருக்குக் கீழே) கொடுத்தால் எப்படிப் போகும் என்று முதலில் தாளில் கீறவேண்டும். கீறி முடித்த குழு என் மேசைக்கு வந்து நாலு நிமிடம் போனில் சரிபார்க்கலாம். ஊகம் முதலில், போன் பிறகு.

பின்வாங்கில் ஒரு பொடியன் இருக்கிறான். விடியற்காலையில் தகப்பனோடு மாட்டுக் காலைக்கு (பட்டிக்கு) போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருவான். வகுப்பில் அவனுடைய குரலை நான் அதுவரை சரியாகக் கேட்டதில்லை. அவனுடைய குழு வந்தது. மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவன் விரலைக் காற்சட்டையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு ஸ்லைடரில் வைத்தான். எம் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்க இறங்க கோடு சரிந்து படுத்துக்கொண்டே வந்தது. சைபரில் தட்டையாகக் கிடந்தது. அங்கே கொஞ்சம் நின்றான். பிறகு ஆறுதலாக இன்னும் இடப்பக்கம் இழுத்தான்.

“மிஸ், கோடு மற்றப் பக்கம் கிறுகிற்று!”

ஏன் கிறுகியது என்று கேட்டேன். “சைபரைத் தாண்டினாக் கிறுகும், மிஸ்” என்றான். பிறகு தன் தாளைப் பார்த்தான். மறைப் பெறுமானத்துக்கும் மேல்நோக்கித்தான் கீறி வைத்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அழிறப்பரைத் தேடி எடுத்து அழித்துவிட்டு, கோட்டை மற்றப் பக்கம் சரித்துக் கீறினான். கீழே ‘மறை என்றால் கிறுகும்’ என்று எழுதினான். அதையும் நான் திருத்தவில்லை. ‘படித்திறனின் குறி’ என்கிற சொல்லெல்லாம் அடுத்த நாள் வந்தது. வந்தபோது அவனிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது.

அடுத்த நாள் அதே மாதிரி ஒரு கணக்குக் கொடுத்தேன். 17 பேர் கீறினார்கள்.

இந்தப் பாடத்துக்கு எனக்குப் புள்ளி இல்லை. யாரும் பார்க்கவில்லை, அது பரவாயில்லை. கவலை வேறு. வராந்தாவால் போன ஒரு மூத்த ஆசிரியை என்னைப் பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “மகள், வகுப்புக்குள்ள போன் எடுக்கிறது நல்லாயில்ல. ஆராவது படம் எடுத்துப் போட்டா உங்கட பேர்தான் கெடும்.” அவர் என்மேல் உள்ள அக்கறையில் சொன்னார், உண்மையையும் சொன்னார். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஆசிரியையின் போன் கற்பித்தல் சாதனமா, ஒழுக்கப் பிரச்சினையா என்று ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. தொழினுட்பத்தைப் பாவியுங்கள் என்கிறீர்கள். எங்கள் கையில் இருக்கிற ஒரே தொழினுட்பத்தை ஒளித்து ஒளித்துத்தான் பாவிக்கவேண்டி இருக்கிறது.

இனி நாங்கள் பெற்ற பயிற்சி.

டிஜிட்டல் கருவிகள் பற்றிய செயலமர்வு ஒன்று இரண்டு நாள் நடந்தது. நடத்தியவர்கள் யார், எங்கே என்று எழுதப் போவதில்லை. அவர்களைக் கூட்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. நாங்கள் 40 பேர், வேலை செய்கிற கணினி 11. முதல் நாள் முழுக்க ஸ்லைட் அழகாக்குவது. இரண்டாம் நாள் கஹூட். ஆசிரியர் கேள்வி போட, பிள்ளைகள் எல்லாரும் தங்கள் தங்கள் போனிலோ கணினியிலோ ஒரே நேரத்தில் பதில் அழுத்துகிற போட்டி. நாங்கள் 40 பேரும் விளையாடினோம், சத்தம் போட்டோம், சந்தோஷமாக இருந்தது. பாதை ஏறித் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். என் வகுப்பில் இதை நடத்தினால் இணையப் போகிற ஒரே ஆள் நான். ஒவ்வொரு முறையும் நானே முதலாம் இடம்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லாத வகுப்பில் என்ன செய்வது என்று ஒருவர் எழும்பிக் கேட்டார். “அதை நீங்கள் உங்கள் சூழலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளவேண்டும்” என்று பதில் வந்தது. அந்த மாற்றிக்கொள்வதைத்தானே ஐயா நாங்கள் படிக்க வந்தோம்?

முடிவில் சான்றிதழ் தந்தார்கள். வட்ஸ்அப்பில் வந்தது. என் பெயரில் ஒரு கொம்பு காணாமற் போயிருந்தது. சிரித்துவிட்டு விட்டேன். ஆனால் அந்தக் கொம்பு எங்கே போனது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தமிழ்மொழிப் பாடசாலைகளில் கணினி தொட்ட எல்லாருக்கும் தெரிந்த கதை.

பாமினி. எங்களுக்குத் தரப்படுகிற வினாத்தாள், பாடத்திட்டப் பிரிப்பு, மாதிரிப் பாடக்குறிப்பு எல்லாம் இன்னமும் பாமினி எழுத்துருவில் அடித்து வருகின்றன. பாமினியில் அடிக்கும்போது கணினிக்குள் இருப்பது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்து. அதற்கு மேல் தமிழ் முகமூடி. ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. முகமூடி இல்லாத கணினிக்கோ போனுக்கோ அந்தக் கோப்பு போனால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே தெரியும். நாலு இரவு முழித்து அடித்த பாடக்குறிப்பை நான் என் போனில் திறக்க ஏலாது. பிள்ளையின் தாய்க்கு அனுப்ப ஏலாது. அதில் ஒரு சொல்லை இணையத்தில் தேட ஏலாது. பார்வை குறைந்த பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டச் சொன்னால் போன் ஆங்கில எழுத்துகளை எழுத்துக் கூட்டும்.

எந்தக் கணினியிலும் போனிலும் எழுத்து எழுத்தாகவே தெரிவதற்கான உலகப் பொது முறை யுனிகோட். தமிழ் 1991இலேயே அதில் ஏறிவிட்டது. எங்கள் நாட்டிலும் தமிழ் எழுத்துக்கென்று எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமம் 2008இல் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இப்போது தரம் 9இல் என் முன்னால் இருக்கிறார்கள். பழகின விரலை மாற்ற முடியாது என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். மாற்றவே தேவையில்லை. ஈ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் மாதிரியான இலவச மென்பொருளில் பாமினி விசைப்பலகையையே தெரிவு செய்யலாம். விரல் பழைய இடத்தில் அடிக்கும், திரையில் யுனிகோட் விழும். இதைக் காட்டிக் கொடுக்க அரை மணித்தியாலம் போதும். இரண்டு நாள் செயலமர்வில் அந்த அரை மணித்தியாலம் இருக்கவில்லை. நானும் இதை யாரிடம் படித்தேன் என்றால், களுவாஞ்சிக்குடியில் கல்யாண அழைப்பிதழ் அடித்துக் கொடுக்கிற ஒரு கடைக்கார அண்ணனிடம். ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் சொல்லித் தந்தார்.

எழுத்து இப்படி என்றால், சொல் இன்னொரு பாடு.

பிள்ளைகளுக்கு யூடியூப்பில் பாடம் காட்டுங்கள் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். தமிழில் தேடினால் கொட்டுகிறது. பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல ஆசிரியர்கள், நல்ல விளக்கம். ஆனால் அவர்கள் ‘சாய்வு’ என்பது எங்கள் படித்திறனை. அவர்களுடைய ‘கர்ணம்’ எங்கள் செம்பக்கம். அவர்களுடைய நாற்கரம் எங்கள் நாற்பக்கல், அவர்களுடைய முக்கோணம் எங்கள் முக்கோணி. விஞ்ஞான மிஸ்ஸிடம் கேட்டால் அவருடைய பட்டியல் இன்னும் நீளம்: ஆக்ஸிஜன் என்றால் ஒட்சிசன், செல் என்றால் கலம், ஒளிச்சேர்க்கை என்றால் ஒளித்தொகுப்பு. ஒரு பிள்ளை மாதாந்தப் பரீட்சையில் ‘கர்ணம்’ என்று எழுதியிருந்தாள். கணக்குச் சரி. திருத்திய எனக்கே ஒரு கணம் கை நின்றது. நான் புள்ளி போட்டேன். சாதாரண தரப் பரீட்சையில், கேள்வியில் ‘செம்பக்கம்’ என்று வந்தால் அவளுக்குக் கேள்வி விளங்குமா?

இப்போது சாட்ஜிபிடியும் வந்துவிட்டது. விடுதியில் அரைவாசிப் பேர் அதில்தான் பாடக்குறிப்பு எழுதினார்கள், நீங்களும் வாசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதனிடம் பைதகரசின் தேற்றத்துக்கு ஒரு பாடக்குறிப்புக் கேட்டுப் பாருங்கள். எனக்கு வந்ததில் தேற்றத்தின் பெயரே ‘பிதாகரஸ்’, பக்கம் முழுக்கக் கர்ணம், வகுப்பு ‘எட்டாம் வகுப்பு’. அது பிழை இல்லை, வேறு நாட்டுத் தமிழ். அதை எங்கள் தமிழுக்கு மாற்றத் தெரிவதும் ஒரு டிஜிட்டல் திறன்தான். என்னைக் கேட்டால், தலைப்பைப் பறக்க விடுவதைவிட இதுதான் முதல் திறன்.

1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்கென்று அறிஞர்கள் கூடியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் ஒரே வருடத்தில், 1916இல், எடுத்தவர். கல்லடியில் அவருடைய சமாதியைத் தாண்டித்தான் நாங்கள் செயலமர்வுக்கு பஸ்ஸில் போனோம். தமிழ்நாடு, இலங்கை என்ற இரண்டு கரைச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாள், பாடத்துக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான் கேட்கிறேன். சொற்கள் எல்லாம் எங்கள் பாடநூல்களிலும் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளிலும் ஏற்கெனவே இருக்கின்றன. யாராவது எடுத்து ஒழுங்குபடுத்தவேண்டும். கல்லூரியில் ஒரு ஒப்படையாகத் தந்திருந்தால் நாங்கள் 40 பேரும் சேர்ந்து ஒரு மாதத்தில் முடித்திருப்போம். அதற்குப் பதிலாக ‘கல்வியில் தகவல் தொழினுட்பத்தின் முக்கியத்துவம்’ என்று பத்துப் பக்கக் கட்டுரை எழுதினோம். நாற்பதும் ஏறத்தாழ ஒரே கட்டுரை.

டேட்டாவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, உங்களுக்கும் தெரியும். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு போன், நாங்கள் மூன்று பிள்ளைகள். சேர் கொப்பியைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுவார். ரீலோட் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மங்கலாக ஒரு சதுரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றுகிற சதுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இன்று உங்களிடம் ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருக்கிறோம். எங்களுக்கு இணையத்தின் மகிமையை விளக்கவேண்டாம். இணையம் இல்லாதபோது என்ன செய்வது என்று சொல்லித் தாருங்கள்.

செய்ய நிறைய இருக்கிறது. ஜியோஜிப்ராவைப் பற்றிச் சொன்னேன். விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செய்கைகள் இருக்கின்றன, திரையிலேயே இழுத்து மாற்றிச் செய்து பார்க்கிற பரிசோதனைகள். 2002இல் கார்ல் வீமன் என்ற இயற்பியலாளர் தொடங்கியவை. பல செய்கைகள் தமிழிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி வைத்தால் சாதாரண பிரவுசரிலேயே இணையம் இல்லாமல் திறக்கும். பாடநூல்கள் எல்லாம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் கோப்பாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் கற்றல் தளமான ஈ-தக்சலாவையிலும் தமிழில் பாடங்கள் இருக்கின்றன. கல்லூரியில் வைஃபை இருக்கிற இரண்டு வருடத்துக்குள் ஒவ்வொரு ஆசிரிய மாணவரும் தன் பாடத்துக்குத் தேவையானதை இறக்கி, திறந்து பார்த்து, சொற்களைச் சரிபார்த்து, ஒரு மெமரி கார்டில் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனால் எப்படி இருக்கும்? அந்தக் கார்டைப் பார்த்துப் புள்ளி போடுங்கள். எதை ஏன் எடுத்தாய், எதை ஏன் விட்டாய் என்று கேளுங்கள். ஸ்லைட் அழகைக் கேட்கிறதைவிட அது எங்களைக் கனக்க நடுங்க வைக்கும். நடுங்குவது நல்லதுதான்.

இன்னொன்று. இதை எழுதுவதா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பாடம் நடந்ததற்குச் சாட்சியாகப் படம் அனுப்பச் சொல்கிறீர்கள். நாங்களும் அனுப்புகிறோம். பிள்ளைகள் திரையைப் பார்க்கிற படம், குழுவாகக் குனிந்திருக்கிற படம், பரிசு வாங்குகிற படம். அந்தப் படம் எங்கள் குழுவில் இருந்து இன்னொரு குழுவுக்கு, அங்கிருந்து ஒரு பேஸ்புக் பக்கத்துக்கு என்று போய்விடுகிறது. ஒருநாள் ஒரு தாய் வாசலில் வந்து நின்றார். பிள்ளையின் படம் அவருக்குத் தெரியாத ஒருவரின் போனில் இருந்ததாம். கோபப்படவில்லை. “ஏன் மிஸ், எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். என்னிடம் பதில் இருக்கவில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கிற 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்பதே அதற்குப் பிறகு தேடித்தான் எனக்குத் தெரிய வந்தது. பயிற்சிக் காலத்தில் ஒரு விரிவுரையிலும் அதைக் கேள்விப்படவில்லை. பிள்ளையின் முகத்தை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரியாத ஆசிரியைக்கு எந்தக் கருவியைக் கொடுத்தும் என்ன? இப்போது நான் கைகளையும் தாள்களையும் மட்டும்தான் படம் எடுக்கிறேன். “முகம் தெரியவில்லையே, பிள்ளைகள் இருந்தார்களா?” என்று ஒருமுறை கேட்டார்கள். இருந்தார்கள்.

சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. ‘இன்னும் நியமனம்கூடக் கிடைக்கவில்லை, அதற்குள் படிவத்தைத் திருத்த வந்துவிட்டாள்.’ ஓம். நியமனம் கிடைத்த பிறகு எழுத மாட்டேன் என்பது எனக்கே தெரியும். அலுமாரித் திறப்பு என்னிடமும் ஒருநாள் வரும். மல்டிமீடியா பழுதாகிவிடும் என்ற பயத்தில் நானும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவேனோ என்னவோ. அதற்கு முதல் எழுதிவிடவேண்டும்.

திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. திறன்பலகை இருக்கிற பாடசாலையில் அதை நன்றாகப் பாவிக்கப் பழக்குங்கள். எங்கள் பாடசாலைக்கும் ஒன்று வந்தால் நான்தான் முதலில் துடைத்து வைப்பேன். அது வரும்வரை இருக்கிற ஒரு போனோடும் 24 தாளோடும் நடக்கிற பாடத்தையும் தொழினுட்பப் பாடம் என்று எண்ணுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதைப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். தயவுசெய்து ஆசிரியையையும் திரையையும் பார்க்காமல், ஒரு பத்து நிமிடமாவது ஒரு பிள்ளையின் கையைப் பாருங்கள். பென்சில் அசைகிறதா, அழிறப்பர் எடுபடுகிறதா, பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறதா, இல்லை என்கிறதா. 31 ஸ்லைட் போட்ட அன்றைக்கு வந்தவர் அப்படி ஒரு கையைப் பார்த்திருந்தால் எனக்கு ‘மிக நன்று’ விழுந்திராது. விழாமல் இருந்திருந்தால் நான் இரண்டு கிழமை முந்தியே திருந்தியிருப்பேன்.

கறண்ட் நின்றாலும் நெட்வேர்க் நின்றாலும் ஆசிரிய மாணவருக்குப் புள்ளி குறையாது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இப்போது பயத்தில் எல்லாரும் பாதுகாப்பான பாடத்தையே செய்கிறோம். முதல்நாளே பிள்ளைகளுக்குப் பதிலைச் சொல்லிக் கொடுத்து ஒத்திகை பார்த்துவிட்டு, மேற்பார்வை நாளில் அதே பாடத்தைத் திரும்பவும் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். பிள்ளைகள் என்னைவிட நன்றாக நடித்தார்கள்.

அடுத்த மேற்பார்வை பொங்கலுக்குப் பிறகு என்று அறிவித்திருக்கிறீர்கள். பாடம் ஒருங்கமை சமன்பாடுகள். இரண்டு கோடு வெட்டுகிற இடத்தைத் தேடப் போகிறோம். மல்டிமீடியா இருக்காது, திரைச்சீலை அதிபரின் யன்னலிலேயே இருக்கட்டும். போன் கொண்டுவருவேன், வகுப்பில் பாவிப்பதற்கு அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுத்து வைத்திருக்கிறேன், கடிதம் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. குருக்கள்மடத்தால் வருவதென்றால் பாதையைத் தவறவிடாமல் கொஞ்சம் முந்தி வாருங்கள். பின்வாங்கில் அந்தப் பொடியனுக்குப் பக்கத்தில் ஒரு இடம் ஒதுக்கி வைக்கிறேன். படிவத்தில், தொழினுட்பப் பயன்பாடு என்ற கூட்டுக்குக் கீழே ‘பிள்ளை என்ன செய்தது’ என்று இன்னொரு கூடு வேண்டும். அச்சடிக்க நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. வெறும் படிவத்தைத் தாருங்கள், அடிமட்டம் என்னிடம் இருக்கிறது, நானே கீறித் தருகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையில் கட்டுறுபயிலும் ஓர் ஆசிரிய மாணவி
மட்டக்களப்பு